இருக்கு, இல்லை, தெரியாது

கனகாலமாய் இந்தப் பக்கம் தூசி பிடித்துக் கிடக்கிறது. எழுத விசயம் இல்லாமல் இல்லை, எழுதத்தான் பஞ்சி. போன கிழமை வேலையில் ஒரு பெடியன் ஒரு கேள்வி கேட்டான். அதிலேயே நின்று முழுப்பதிலும் சொல்ல எனக்கு ஏலவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன். கொம்பியூட்டர் விசயம் கொஞ்சம் கூடவாய் வரும். அலுப்படிக்கிற ஆட்கள் நடுவில் தாண்டிப் போகலாம், கோவிக்கமாட்டேன்.

நான் வேலை செய்வது ஜேர்மனியில் ஒரு சின்னக் கொம்பனியில். பெயர் வேண்டாம். மற்றவர்களின் இணையத்தளம், மின்னஞ்சல், கணக்கு வழக்கு மென்பொருள் எல்லாம் எங்களுடைய சேர்வர்களில் ஓடும். அந்தப் பெடியன் தொழில் பழக வந்திருக்கிறான். இங்கேயே பிறந்தவன், தாய் தகப்பன் அளவெட்டிப் பக்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவன். ஆட்களுக்கு முன்னால் என்னோடு டொச்சில்தான் கதைப்பான். தனிய நின்றால் "அங்கிள்".

நான் எழுதி வைத்திருக்கிற ஒரு ஸ்கிரிப்ட்டை வாசித்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"அங்கிள், எல்லாத்தையும் தானாச் செய்யுது. பிறகு ஏன் இந்த இடத்தில மட்டும் நிண்டுபோட்டு ஆளை எழுப்புது? மற்றது, இதில தமிழில என்னவோ எழுதியிருக்கிறீங்கள்."

ஸ்கிரிப்ட்டுக்குள் குறிப்பு எழுதுகிற வழக்கம் இருக்கிறது. கணினி அதை வாசிக்காது, பின்னுக்கு வருகிற ஆளுக்காக எழுதுவது. கொம்பனியில் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நான் அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் எழுதினேன். அவன் ஒவ்வொரு சொல்லாய்க் கூட்டி வாசித்தான். "பதில் இல்லை என்றால் செத்தது என்று அர்த்தம் இல்லை."

சரி, முதலில் அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று சொல்லுவம்.

ஒரு பெரிய சேர்வர் பெட்டி. அதுக்குள் முப்பது நாற்பது பொய்க் கணினிகள். ஊர்ப்பாசையில் ஒரு நாற்சார் வீட்டில் முப்பது குடித்தனம். ஒவ்வொன்றும் தான் ஒரு தனிக் கணினி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். மெய்நிகர் கணினி என்று தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். நான் எங்கள் வேலைப் பழக்கத்தில் வீஎம் என்றே எழுதுகிறேன். வீட்டுக் கூரை ஒழுகினால் என்ன செய்வது? பெட்டியில் மெமரி பழுதாகிறது, அல்லது லினக்ஸ் கேர்னல் புதுப்பித்து மறுபடி முடுக்கவேண்டும். முந்தி என்றால் முப்பது வாடிக்கையாளருக்கும் "ஞாயிறு அதிகாலை இரண்டிலிருந்து நாலு மணிவரை சேவை இருக்காது, மன்னிக்கவும்" என்று மின்னஞ்சல் போடுவம். திட்டு வாங்குவம்.

லைவ் மைக்றேசன் என்பது அந்தக் குடித்தனங்களை அடுப்பு எரிந்தபடி, பிள்ளை தொட்டிலில் நித்திரை கொண்டபடி, அடுத்த வீட்டுக்கு மாற்றுவது. உள்ளே இருக்கிறவருக்கு வீடு மாறினதே தெரியாது. விஎம்வெயார் 2003 இல் இதை விமோசன் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2005 இல் கேம்பிரிட்ஜ் ஆட்கள் சென் என்கிற மென்பொருளில் செய்து ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். ஆட்கள் குவேக் விளையாடிக்கொண்டிருந்த சேர்வரையே ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டினார்கள், நின்ற நேரம் 60 மில்லிசெக்கன். 2007 இல் கேவிஎம் லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே வந்தபிறகு எங்களைப்போல காசில்லாத கொம்பனிகளும் செய்யத் தொடங்கிவிட்டன.

எப்படி என்று பெடியனுக்குச் சங்கக்கடை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். சங்கக்கடை என்றால் என்னவென்று விளங்கப்படுத்தத்தான் கூட நேரம் எடுத்தது :)

சங்கக்கடை மனேச்சர் ஒரு கொப்பியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். நூறு பக்கம். கடையை அடுத்த சந்திக்கு மாற்றவேண்டும், ஆனால் வியாபாரம் நிற்கக்கூடாது. நீங்கள் பக்கத்தில் இருந்து நூறு பக்கத்தையும் புதுக்கொப்பியில் பார்த்து எழுதுகிறீர்கள். எழுதி முடிக்க, அதுக்கிடையில் அவர் இருபது பக்கத்தில் கைவைத்திருப்பார். அந்த இருபதைத் திருப்பி எழுதுகிறீர்கள். அதுக்கிடையில் நாலு பக்கம் மாறியிருக்கும். இப்போதுதான் "அண்ணை, ஒரு நிமிசம் பேனையைக் கீழ வையுங்கோ" என்று சொல்லி, அந்த நாலையும் எழுதி, ஆளையும் பேனையையும் புதுக்கடைக்குக் கொண்டுபோய் இருத்துவது. அவர் விட்ட சொல்லிலிருந்து எழுதுவார். அந்த ஒரு நிமிசம் எங்கள் கியூஈமுவில் வழமையாய் 300 மில்லிசெக்கன். அதுக்குள் முடிக்கலாம் என்று கணக்கு வந்தால்தான் அது பேனையை வாங்கும்.

மனேச்சர் எழுதுகிற வேகம் நீங்கள் பார்த்து எழுதுகிற வேகத்தைவிடக் கூட என்றால்? ஒருநாளும் முடியாது. 16 ஜிபி மெமரி உள்ள ஒரு வீஎம், ஒரு கிகாபிட் வயரில் செக்கனுக்கு 110 எம்பி அளவில் போகும், இரண்டரை நிமிசத்தில் முதல் சுற்று முடியும். ஆனால் உள்ளே ஒரு தரவுத்தளம் செக்கனுக்கு 150 எம்பி மெமரியை மாற்றிக்கொண்டிருந்தால் அது நாய் தன் வாலைத் துரத்துகிற கதைதான். அதுக்கும் வழி இருக்கிறது. மனேச்சரின் கையை மெல்லமாய்ப் பிடித்து எழுத்தை மந்தமாக்கலாம். அல்லது இத்தனை செக்கனுக்கு மேல் போனால் கட்டாயமாய் நிற்பாட்டிவிட்டு எடு என்று சொல்லலாம். 2015 கடைசியில் வந்த கியூஈமு 2.5 இல் இன்னொன்றும் வந்தது: ஆளை முதலில் அனுப்பிவிட்டு, அவர் கேட்கக் கேட்கப் பக்கத்தை அனுப்புவது. வந்த புதிதில், நடுவில் வயர் அறுந்தால் ஆளும் இல்லை, கொப்பியும் இல்லை என்ற நிலைதான். நான் பாவிப்பதில்லை. பயம்தான்.

கொப்பி மட்டும்தான் போகும், கடைச்சாமான் போகாது. டிஸ்க் எல்லாம் இரண்டு பெட்டிக்கும் பொதுவான ஒரு களஞ்சியத்தில் இருக்கும், நெற்வேர்க் வழியாய் இரண்டு பேரும் அதையே திறப்பார்கள். இதை மனதில் வைத்திருங்கோ, கதைக்கு வேண்டும்.

மற்றது முகவரி. போய்ச் சேர்ந்த உடன புதுப்பெட்டி நெற்வேர்க்கில் ஒரு சின்னக் குரல் கொடுக்கும், "இன்னார் இனி இந்தக் கதவில்". சுவிற்ச் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஐபி இலக்கம் அதேதான். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு எதுவும் நடக்கவில்லை. இதை முதன்முதல் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. 1990களில் நான் இங்கே விண்ணப்பம் கொடுத்துவிட்டு இருந்தபோது மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. பக்கத்து நகரத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய்ப் பிடிபட்டுத் தண்டம் கட்டினேன், பஸ்ஸில் நாற்பது நிமிசத் தூரம். (அந்தச் சட்டத்தை 2015 இல்தான் தளர்த்தினார்கள்.) மைக்றேசன் என்கிற சொல்லை இந்த ஆட்கள் எவ்வளவு லேசாய்ப் பாவிக்கிறார்கள் என்று யோசித்தேன். அந்த ஒப்பீட்டை இதுக்குமேல் இழுக்கவில்லை, இழுத்தால் அறுந்துவிடும்.

இனி ஸ்கிரிப்ட்.

ஒரு வீஎம்மை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். விர்ஷ் மைக்றேற், லைவ், வீஎம்மின் பெயர், போகவேண்டிய பெட்டியின் பெயர். முப்பதை மாற்ற முப்பது தரம் அடிக்கவேண்டும், நடுச்சாமத்தில் அடித்தால் பிழை வரும். அதனால் ஸ்கிரிப்ட். பெட்டியில் ஓடுகிறவற்றைப் பட்டியல் எடு, ஒவ்வொன்றாய் அனுப்பு, முடிந்ததா என்று பார், அடுத்ததுக்குப் போ. முதல் எழுதினது பத்து வரி. நல்லாய்த்தான் வேலை செய்தது. பிறகு ஒவ்வொரு பிரச்சினையாய் வர வர வளர்ந்தது. போகிற பெட்டியில் மெமரி இடம் இருக்கிறதா? சிபியு பழசா? புதுச் சிபியுவின் கட்டளைகளைப் பாவித்துக்கொண்டிருக்கிற வீஎம்மைப் பழசுக்கு அனுப்பினால் விழும், அதனால் எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஆகக் குறைந்த சிபியு மாதிரியைக் கொடுத்துவைக்கவேண்டும். எங்கள் சிங்காரப் பெட்டிகள் ஆறும் ஆறு வயது.

2014 கார்த்திகையில் ஒரு வியாழன் இரவு. மூன்றாம் பெட்டியில் மெமரி பிழைகள் கூடிக்கொண்டு போனது, ஒரு துண்டு மாற்றவேண்டும். உள்ளே 23 வீஎம்கள். என் ஸ்கிரிப்ட்டுக்கு அப்போது இரண்டு வயது, அதில் எனக்கு நல்ல புளுகம். போதாததுக்குப் போன மாதம்தான் கடைசியில் ஒரு "சரிபார்ப்பு" சேர்த்திருந்தேன். சில வீஎம்கள் எப்போதாவது மைக்றேசனில் தோற்று நின்றுவிடும். ஆகவே 23 பெயரையும் திருப்பிப் பார், பழைய பெட்டியில் ஓடுகிறதா? இல்லை. புதுப்பெட்டியில் ஓடுகிறதா? இல்லை. அப்படியென்றால் எங்கேயும் இல்லை, புதுப்பெட்டியில் முடுக்கிவிடு. நல்ல யோசனை என்று நினைத்தேன். இப்பவும் எழுத்தில் பார்க்க நல்ல யோசனைபோலத்தான் இருக்கிறது.

பதினாறு போய்ச் சேர்ந்தது. பதினேழாவதில், நாங்கள் பெட்டிகளோடு கதைக்கிற நெற்வேர்க்கில் ஒரு சுவிற்ச் வாய் செத்தது. கவனியுங்கோ, நாங்கள் கதைக்கிற நெற்வேர்க் மட்டும்தான். வாடிக்கையாளரின் நெற்வேர்க்கும் களஞ்சியத்துக்குப் போகிற நெற்வேர்க்கும் வேறு வேறு வயர். அதெல்லாம் உயிரோடு. மூன்றாம் பெட்டி உயிரோடு. அதிலிருந்த ஏழு வீஎம்களும் உயிரோடு, வேலை செய்துகொண்டு. என்னோடு கதைக்க மட்டும் அதுக்கு வழியில்லை.

மிச்ச ஏழுக்கும் மைக்றேசன் தோற்றது. பிறகு என் சரிபார்ப்பு வந்தது. பழைய பெட்டியைக் கேட்டது: யார் யார் ஓடுகிறீர்கள்? பதில் வெறுமை. அந்த வெறுமைக்குள் ஏழு பெயரையும் தேடியது. இல்லை. இல்லையென்றால் ஓடவில்லை என்று எழுதியிருந்தவன் நான். ஏழையும் புதுப்பெட்டியில் முடுக்கியது.

திரையில் பச்சையாய் 23 இல் 23 என்று வந்தது. நான் தேத்தண்ணி போடப் போனேன்.

இப்போது சங்கக்கடைக்கு இரண்டு மனேச்சர். ஒருத்தர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே களஞ்சியத்தில், ஒரே அலுமாரியில், ஒரே தட்டில் சாமானை அடுக்குகிறார்கள், மற்றவர் அடுக்கினதுக்கு மேலேயே. எங்கள் தொழிலில் இதுக்கு ஸ்பிளிற் பிரெயின் என்று பெயர், இரண்டாய்ப் பிளந்த மூளை. லிப்விர்ட்டில் இதைத் தடுக்க ஒரு பூட்டுக்காரன் அப்போதே இருந்தான், நாங்களாய் முடுக்கிவிட்டால்தான் வேலை செய்வான். நாங்கள் முடுக்கவில்லை. 2017 ஆவணியில் வந்த கியூஈமு 2.10 தான் டிஸ்க் கோப்பைத் தானாகவே பூட்டத் தொடங்கியது. எனக்கு மூன்று வருசம் பிந்தி.

பதினொரு நிமிசத்துக்குப் பிறகு எச்சரிக்கை அடிக்கத் தொடங்கியது. ஒரே முகவரியில் இரண்டு பேர் நின்று கூப்பிட்டால் சுவிற்ச் என்ன செய்யும், ஒருக்கால் இந்தக் கதவு, ஒருக்கால் அந்தக் கதவு. ஏழு சேவைகள் விட்டுவிட்டு எரிகிற ரியூப்லைற் மாதிரி. எனக்கு உடன விளங்கவில்லை. கீழே போய் மூன்றாம் பெட்டியில் நேராய்த் திரையையும் விசைப்பலகையையும் கொழுவிப் பார்த்தேன். ஏழும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் வயிற்றுக்குள் வந்ததை எழுத எனக்குச் சொல் இல்லை. மற்றப்பக்கம் ஓடிப்போய்ப் புதுசாய் முடுக்கின ஏழையும் இழுத்து விழுத்தினேன், பிறகு இந்த ஏழையும். பதினாலு நிமிசம் இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள்.

ஐந்து வீஎம்கள் கோப்புத் திருத்தத்தோடு தப்பின. ஒரு இணையக்கடையை முதல்நாள் பிரதியிலிருந்து எடுத்தோம், இரவில் யாரும் சப்பாத்து வாங்கவில்லை, பிரச்சினை இல்லை. ஏழாவது, வயது போனவர்களை வீடு வீடாய்ப் போய்ப் பராமரிக்கிற ஒரு சேவை. தாதிகள் யாருக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தது என்று அதில்தான் பதிவார்கள். அந்தத் தரவுத்தளம் திறக்கவே இல்லை. கடைசிப் பிரதி இரவு பத்து மணிக்கு எடுத்தது. பத்திலிருந்து மூன்று மணிவரை வெறுமை. காலைச் சுற்றுத் தாதி ஆறரைக்கு வருவார், திரையைப் பார்ப்பார், இரவு இன்சுலின் போட்டதாய் இராது.

நாலரை மணிக்கு அந்தப் பராமரிப்புச் சேவையின் பொறுப்பாளர் அம்மாவை நித்திரையால் எழுப்பினேன். டொச்சுக்காரி, அறுபது வயது இருக்கும். நான் தட்டுத்தடுமாறி விசயத்தைச் சொல்லி முடிக்கும் மட்டும் ஒரு சொல் குறுக்கே பேசவில்லை. திட்டவும் இல்லை. "இரவு நாலு பேர் வேலை. நான் ஒவ்வொருவராய்க் கூப்பிடுகிறேன். நீங்கள் எழுதுங்கள்" என்றார். கடதாசியில் எழுதினேன். மூன்று தாதிகள் போன் எடுத்தார்கள், நினைவிலிருந்தும் சட்டைப்பையில் இருந்த துண்டிலிருந்தும் சொன்னார்கள். நாலாவது ஆள் ஒரு மணிக்கு வேலை முடித்துப் போய்ப் படுத்துவிட்டார். போன் எடுக்கவில்லை. திருப்பித் திருப்பி அடித்தும் எடுக்கவில்லை.

நான் கேட்டேன், "அவருடைய ஆட்களுக்குக் கொடுக்கவில்லை என்று போடட்டுமா?"

அந்த அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "போன் எடுக்கவில்லை என்றால் மருந்து கொடுக்கவில்லை என்று எழுத முடியாது. கொடுத்தார் என்றும் எழுத முடியாது. அந்த இடத்தை விடுங்கள். நான் ஆள் அனுப்புகிறேன்" என்றார். கார் கொடுத்து ஒரு பெண்ணை அனுப்பி, வீட்டு மணியடித்து எழுப்பிக் கேட்டு, ஆறு மணி ஐந்துக்கு எனக்குச் சொன்னார். எல்லாம் கொடுத்திருந்தார். இரண்டு பேருக்கு இன்சுலின்.

அந்த அம்மா நாலரை மணிக்கு நித்திரைத் தூக்கத்தில் யோசித்ததை நான் இரண்டு வருசம் வைத்து எழுதின ஸ்கிரிப்ட் யோசிக்கவில்லை.

பொஸ்ஸுக்கு மின்னஞ்சல் எழுதவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எழுதினது "சுவிற்ச் பழுதால்" என்று தொடங்கியது. பொய்யும் இல்லை. சுவிற்ச் பழுதுதான். இந்த நாட்டில் நான் முதலில் செய்தது கந்தோர் கூட்டுகிற வேலை, அதுக்குப் பிறகு இரவுப் பள்ளி, முப்பத்தியாறு வயதில் சோதனை. இந்தக் கதிரைக்கு வந்த பாதை எனக்குத் தெரியும், திரும்பிப் போகிற பாதையும் தெரியும். அரைமணித்தியாலம் அந்த வசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, ஸ்கிரிப்ட்டின் எத்தனையாவது வரி என்று எழுதி அனுப்பினேன். அவர் எட்டு மணிக்கு வந்து அந்த வரியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கனநேரம் பார்த்தார். "இதை நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போகவில்லை. வாடிக்கையாளரிடம் அவர்தான் போய் மன்னிப்புக் கேட்டார், பராமரிப்புச் சேவை அந்த வருசக் கடைசியில் எங்களை விட்டுப் போனது. நியாயம்தான்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நித்திரை வரவில்லை. பெரியப்பாவின் மகன் ஞாபகமாய் இருந்தது.

எனக்குத் தம்பி முறை. 2009 இல் வன்னிக்குள் இருந்தான். தை மாதம் வரை எப்படியோ கதைப்போம், பிறகு கிழமைக்கு ஒருக்கால், பங்குனியோடு ஒன்றும் இல்லை. அந்த மாதங்களில் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இதுதான். போனை எடுக்கிறது, அடிக்கிறது, மணி போகிறதா போகவில்லையா என்று ஆளையாள் கேட்கிறது. சித்திரையில் மாத்தளனில் இருந்து தப்பி வந்த யாரோ ஒருத்தர் அவனுடைய பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்ததைக் கண்டதாய்ச் சொன்னார். அவனைக் கண்டதாய் அவர் சொல்லவில்லை. பெரியம்மா அழுதழுது தேய்ந்துபோனா. வைகாசி முடிய, குடும்பத்தில் மூத்தவர்கள் கூடிக் கதைத்து, ஐயரைப் பிடித்து, அந்தியேட்டி செய்தோம். நானும் முன்னுக்கு நின்றேன். "எத்தினை நாளைக்கு இப்பிடி வைச்சிருக்கிறது, அந்த மனுசி ஒரு முடிவு தெரியாமல் விசராக்கப்போகுது" என்று சொன்ன ஆட்களில் நானும் ஒருவன்.

ஆடியில் செட்டிகுளம் மனிக்பாமில் இருந்து கடிதம் வந்தது. அவன் கையெழுத்து. காலில் காயம், உயிரோடு இருக்கிறன், அம்மாவைக் கவலைப்படவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் பகிடியாய்த்தான் சொல்லுவம். என்னால் பகிடியாய்ச் சொல்ல ஏலவில்லை, ஏனென்றால் எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு அக்கா இருக்கிறா. அவவுடைய மகன் அதே வைகாசி வட்டுவாகல் பக்கம் கூட்டிக்கொண்டு போகப்பட்டவன். இன்றுவரைக்கும் கடிதம் இல்லை. அவ அந்தியேட்டி செய்யவில்லை. எங்களில் கனபேர் அவவிடம் போய் "செய்துபோட்டு ஆறுதலாய் இரு பிள்ளை" என்று சொல்லியிருக்கிறோம். 2016 இல் இலங்கை அரசு சட்டத்தைத் திருத்தி, காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாய் "காணவில்லை" என்று ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஆக்கியது. அதுக்கு முன்னம் அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. உயிரோடு, அல்லது மரணம். 2017 மாசியில் கிளிநொச்சியில் றோட்டுக் கரையில் போய் இருந்த தாய்மார் எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை, ஆளை எங்கே என்றுதான் கேட்டார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் செத்தும் போனார்கள். இங்கே இருந்துகொண்டு "இன்னும் எத்தினை வருசத்துக்கு" என்று எழுதுகிற எங்கட ஆட்களை வாசிக்கும்போது எனக்கு என்னுடைய அந்த வரி ஞாபகம் வரும். வெறுமைக்குள் பெயரைத் தேடி, இல்லை, அப்ப இல்லை.

சரி, ஸ்கிரிப்ட்டுக்கு வருவம். அதை முழுக்கத் திருப்பி எழுதினேன். ஓடுகிறதா என்ற கேள்விக்கு இப்போது மூன்று விடை: இருக்கு, இல்லை, தெரியாது. பெட்டி தானே வாய் திறந்து "இன்னார் என்னிடம் இல்லை" என்று சொன்னால்தான் இல்லை. கட்டளை தோற்றால், நேரம் முடிந்தால், வெறுமை வந்தால், எல்லாம் தெரியாது. தெரியாது என்று வந்தால் ஸ்கிரிப்ட் எதையும் முடுக்காது, எதையும் நிற்பாட்டாது, இருந்தபடி விட்டுவிட்டு என்னுடைய போனுக்கு அடிக்கும். பூட்டுக்காரனையும் முடுக்கிவிட்டோம்.

பெரிய கொம்பனிகள் இதை வேறுமாதிரிச் செய்வார்கள். மற்றப் பெட்டி பதில் சொல்லவில்லையா, தூரத்திலிருந்தே அதன் மின்சாரத்தை வெட்டு. செத்ததா தெரியாது என்றால் சாகடித்துவிடு, பிறகு சந்தேகம் இல்லையே. அந்த முறைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரின் அர்த்தம் "மற்றவனைத் தலையில் சுடு". ஒரு பயிற்சி வகுப்பில் இதை முதன்முதல் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் தண்ணி குடிக்க எழும்பிப்போனேன். தொழில்நுட்பமாய்ப் பார்த்தால் அது சரியான முறைதான், மறுக்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் தானாக இயங்கவேண்டிய இடத்தில் வேறு வழியும் இல்லை. எங்களிடம் இரவில் ஆள் இருக்கிறது. நான் இருக்கிறேன்.

2018 தையில் ஸ்பெக்ரர், மெல்ற்டவுன் என்று சிபியுவிலேயே ஓட்டை இருப்பதாய் வெளிவந்தபோது உலகம் முழுக்க எல்லாப் பெட்டியையும் மறுபடி முடுக்கவேண்டி வந்தது. எங்களிடம் பன்னிரண்டு பெட்டி. ஒவ்வொன்றாய் வெறுமையாக்கி, புதுப்பித்து, நிரப்பி, அடுத்தது. அதில் ஒரு சிக்கல், புதுப்பித்த பெட்டியில் சிபியுவுக்குப் புதுக் குணம் ஒன்று வந்துவிடும். அதைப் பார்த்து அங்கே புதுசாய்த் தொடங்கின வீஎம் திருப்பிப் பழைய பெட்டிக்குப் போகாது. ஒருவழிப் பாதை. ஸ்கிரிப்ட் அந்த இரண்டு கிழமையில் மூன்று தரம் "தெரியாது" என்று என்னை எழுப்பியது. இரண்டு தரம் ஒன்றுமில்லை, பிழையான திறவுகோல். ஒருதரம் உண்மையாகவே பெட்டி பேசாமல் உள்ளே உயிரோடு இருந்தது. மனிசி கேட்டா, "இந்தச் சாமத்தில உதுக்கு என்ன வேணுமாம்?" "தனக்குத் தெரியாதாம்" என்றேன்.

இதெல்லாத்தையும் பெடியனுக்கு இவ்வளவுக்குச் சொல்லவில்லை. சங்கக்கடையும், இரண்டு மனேச்சரும், அந்தத் தாதி கதையும் சொன்னேன். தம்பியின் கதையைப் பாதி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவர் இப்ப எங்க அங்கிள்?" என்றான்.

"வவுனியாவில. கடை வைச்சிருக்கிறான். நாங்கள் மாலை போட்டு வைச்சிருந்த படத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய்த் தன்ர கல்லாப்பெட்டிக்கு மேல மாட்டியிருக்கிறான், மாலை இல்லாமல்."

பெடியன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். பிறகு அந்தத் தமிழ் வரிக்குக் கீழே மற்றவர்களுக்கும் விளங்க டொச்சில் எழுதட்டோ என்று கேட்டான். எழுது என்றேன். "செத்தது" என்பதுக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று ஐந்து நிமிசம் யோசித்துக்கொண்டிருந்தான்.